அக்கன்னா

1977 அக்டோபர் 14, வெள்ளி. புதுச்சேரி

இன்று எனக்கு எண்பது வயது, ஏழு மாதம், பதினொரு நாள். கணக்கை இருமுறை சரிபார்த்தேன். மூளை இன்னும் பணியில் இருக்கிறது.

நாட்குறிப்பு எழுதுவோரை நான் என்றுமே நம்பியதில்லை. கல்லூரியில் வரலாறு கற்பித்த காலமெல்லாம் பிறருடைய நாட்குறிப்புகளைப் படித்தே சம்பளம் வாங்கினேன். உண்மையை மட்டுமே எழுதுவேன் என்று சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறவர்கள் மூன்றாம் பக்கத்திலேயே தங்களை நல்லவர்களாக்கிக்கொள்ள ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லாவற்றையும் எழுதும் எண்ணம் எனக்கு இல்லை.

எழுதத் தொடங்கியதற்குக் காரணம், பிரெஞ்சுத் தூதரகத்திலிருந்து இன்று காலை வந்த மனிதர். பெயர் ஷார்ல் பாக்கியம். இந்த ஊர்க்காரர். நாற்பது வயது இருக்கும். அவருடைய தாய் என் மாணவி. தேதிகளை எல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு காரணங்களை மட்டும் மறந்துவிடுவாள்.

மணமாகாதவளை இந்த ஊரில் அழைக்கும்படியே அழைத்தார். “மத்மசேல், ஒரு விஷயம் கேக்கணும். ரொம்பப் பழைய விஷயம்.”

“நானும் பழசுதான். கேளுங்க.”

பிரான்சின் கிழக்கே எங்கோ ஓர் ஊரில் குட்டை ஒன்றை வற்றவைத்து மணல் எடுத்திருக்கிறார்கள். சேற்றுக்கு அடியில் ஒரு விமானம் கிடைத்திருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் பறந்தது. உள்ளே ஒருவருடைய எலும்புகள். அந்தப் பக்கத்தில், 1918 மார்ச்சில் ஒரே காலையில் இரண்டு விமானிகள் திரும்பி வரவில்லையாம். இருவரும் அமெரிக்கர்கள், பிரான்சுக்காகத் தாமாக வந்து பறந்தவர்கள். ஒருவன் கிளிஃபோர்ட் பீல். மற்றவன் ஏர்ல் லாண்டன்.

“பீலுக்குக் குடும்பம் இருக்கு. எலும்பு எங்களுதுன்னு கேக்கறாங்க. லாண்டனுக்கு யாருமே இல்ல, மத்மசேல். லூயிசியானான்னு சொல்லியிருக்காரு. அங்க தேடிப் பார்த்தா அப்படி ஒரு குடும்பமே கிடையாதாம்.”

“அதற்கு நான் என்ன செய்ய?”

“அவங்ககூடப் பறந்தவர் ஒருத்தர் உயிரோட இருக்காரு. வால்ட்டர் ஹாஸ்கின்ஸ். பாரிஸ் பக்கத்து ஆஸ்பத்திரில வேலை செஞ்ச பாண்டிச்சேரிப் பொண்ணு ஒண்ணு, லாண்டனுக்கு நல்லாத் தெரியும்னு சொல்லியிருக்காரு. பிலோமீன்னு பேரு.”

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார்.

“பூட்ஸுக்குள்ள இருந்த எலும்புல... இடது கால்ல ஆறு விரல் இருந்திருக்கு. லாண்டனுக்கு அப்படி இருந்துச்சான்னு நீங்க சொன்னாப் போதும். லாண்டன்தான்னா நவம்பர் பதினொண்ணுக்கு அடக்கம் பண்ணுவாங்க. தோழர்களோட, அந்த அமெரிக்க விமானிகளுக்குன்னு பாரிஸ் பக்கத்துல கட்டின நினைவு மண்டபத்துல. யாரும் எதுவும் சொல்லலைன்னா பீல் குடும்பத்துக்குக் கொடுத்துடுவாங்க.”

“ஓர் இளைஞனின் வெறுங்காலை நான் பார்த்திருப்பேன் என்று குடியரசு எப்படி முடிவு செய்தது, மொசியே?”

பாவம், காதுவரை சிவந்துவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

மாலையில் புதுச் சப்பாத்து வந்தது. இடது காலுக்கு அகலம் போதவில்லை. திருப்பி அனுப்பினேன்.

அக்டோபர் 15, சனி

மழை. புத்தகங்களில் பூஞ்சணம். காலுறைகள் காயவில்லை.

அக்டோபர் 18, செவ்வாய்

சகாயமேரி இருபத்திரண்டு ஆண்டுகளாக என் வீட்டில் சமைக்கிறாள், துவைக்கிறாள், எதிர்த்துப் பேசுகிறாள். இன்று மீன் அரிந்துகொண்டே விசாரணையைத் தொடங்கினாள்.

“அந்தத் தூதரகத்து ஆளு எதுக்கு வந்தாரு, மத்மசேலம்மா?”

“செத்துப்போன ஒருவனைப் பற்றிக் கேட்க.”

“யாரு அவன்?”

“அமெரிக்கன்.”

“அமெரிக்கனுக்கும் பிரான்சு சண்டைக்கும் இன்னா சம்மந்தம்?”

நல்ல கேள்வி. என் மாணவிகளில் பாதிப்பேர் கேட்காதது. அமெரிக்கா அந்த யுத்தத்தில் இறங்குவதற்கு முன்பே அமெரிக்க இளைஞர்கள் சிலர் பிரான்சுக்கு வந்து சேர்ந்தார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள், கார் ஓட்டியவர்கள், கல்லூரியைப் பாதியில் விட்டவர்கள். அன்னிய நாட்டாருக்கென்று இருந்த படையில் பெயர் கொடுத்தார்கள். அங்கே நீ யார், அப்பன் யார் என்று எவரும் காகிதம் கேட்கமாட்டார்கள். சொன்ன பெயர்தான் பெயர். சொன்ன ஊர்தான் ஊர். அங்கிருந்து சிலர் விமானப் படைக்குப் போனார்கள். பாரிஸ் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. தமக்குரியதல்லாத சண்டையில் சாக வருகிறவன்மீது எல்லாருக்கும் ஆசை வந்துவிடுகிறது.

நான் அங்கே போனது படிக்க அல்ல. நீதிபதி ஒருவரின் விதவைக்குத் துணையாகப் பதினாறு வயதில் கப்பலேறினேன். அவர் இறந்ததும் கன்னியர் நடத்திய மருத்துவமனையில் உதவியாளாகச் சேர்ந்தேன். படிப்பெல்லாம் யுத்தத்துக்குப் பிறகு. வால்ட்டர் ஹாஸ்கின்ஸ் அங்கே கை முறிந்து ஆறு வாரம் படுத்திருந்தார். ஒஹாயோ என்ற தம் மாநிலத்தின் மண்ணைப் பற்றி ஓயாமல் பேசுவார். மண்ணைப் பற்றி அவ்வளவு பேசக்கூடிய ஆணை நான் அதற்கு முன்னும் பின்னும் சந்திக்கவில்லை.

ஏர்ல் லாண்டன் நண்பனைப் பார்க்க வந்தான். பிறகு என்னைப் பார்க்க வந்தான். தலைமைக் கன்னியின் விதி கடுமையானது: உதவிப் பெண்களைப் பார்க்க உடன்பிறந்தான் வரலாம், நிச்சயிக்கப்பட்டவன் வரலாம், வேறு எவனும் வரக்கூடாது. வாசலில் நின்று, கொஞ்சமும் கூச்சமில்லாமல், நிச்சயிக்கப்பட்டவன் என்று சொல்லிவிட்டான். அதற்காகத் தோட்டத்தில், ஆள் இல்லாத இடத்தில், அவன் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அவன் கழுத்துத் துணியில் விளக்கெண்ணெய் வாசனை வீசும். அந்தக் காலத்து விமான எஞ்சின்கள் சிலவற்றுக்கு மசகெண்ணெயே விளக்கெண்ணெய்தான். ஓடும்போது அதை விமானியின் முகத்தில் துப்பும். துணியைக் கழற்றித் துவைக்கக் கொடு என்பேன். கொடுத்துவிட்டுப் போவான். நான் உடனே துவைத்ததில்லை.

அக்டோபர் 24, திங்கள்

தந்தி. “31 வருகிறேன். ஹாஸ்கின்ஸ்.” எண்பத்திரண்டு வயதில் ஒருவர் உலகத்தின் பாதியைச் சுற்றி வருவதற்குக் காலில் ஆறு விரலா ஐந்து விரலா என்பது போதிய காரணமாகத் தெரியவில்லை.

சாம்பல் நிறப் புடவையைப் பெட்டிபோடக் கொடுத்தேன். எப்படியும் கொடுக்கவேண்டியிருந்தது.

அக்டோபர் 31, திங்கள்

வந்துவிட்டார். கடற்கரை ஓட்டலில் தங்கியிருக்கிறார். கைத்தடி, நடுங்கும் வலக்கை, காதுக்குள் ஒரு கருவி. வாசலில் நின்று என்னை நெடுநேரம் பார்த்தார்.

“நீங்க மாறவே இல்ல” என்றார்.

“உங்க கண்ணு கெட்டுப்போச்சு, மொசியே. உள்ளே வாங்க.”

அவருடைய பிரெஞ்சு அறுபது ஆண்டுகளில் முன்னேறவில்லை. அதை இங்கே தமிழில் எழுதுகிறேன். தமிழில் அது அழகாகிவிட்டால் பொறுப்பு எனதல்ல.

நவம்பர் 1, செவ்வாய். சகல புனிதர் திருநாள்

பூசைக்குப் பிறகு வால்ட்டர் தேநீருக்கு வந்தார்.

“ஏர்ல் இங்கிலீஷ் பேசறது வேடிக்கையா இருக்கும்” என்றார். “லூயிசியானாக்காரன்னு சொல்லுவான். ஆனா ஐரிஷ் பாதிரியார் மாதிரிப் பேசுவான். கேட்டா, எங்க பள்ளிக்கூடத்துல பாதிரியாருங்க அப்படித்தான் அடிச்சாங்கம்பான்.”

“கறுப்பாக இருந்தானே, யாரும் கேட்கவில்லையா?”

“அம்மா ஸ்பெயின்காரின்னான். நாங்க நம்பினோம். மேல பறக்கறப்போ யாரு என்ன நெறம்னு எவன் பார்க்கறான்? அப்புறம் எங்க நாடே சண்டைக்கு வந்துச்சு. எல்லாரையும் அமெரிக்கப் பட்டாளத்துக்கு மாத்தினாங்க. எனக்கும் பீலுக்கும் உத்தரவு வர நாளாச்சு. ஏர்ல் மட்டும் மாறவே மாட்டேன்னுட்டான். பிரெஞ்சுக்காரன் ஒயின்தான் நல்லாருக்குன்னு காரணம் சொன்னான். அவன் குடிக்கவே மாட்டான், மத்மசேல்.”

அமெரிக்கப் பட்டாளம் பிறப்புச் சான்றிதழ் கேட்கும். இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

“எஞ்சின் எண்ணெய் நாத்தம் எங்களுக்குக் குமட்டிக்கிட்டு வரும். அவன் மட்டும் மூச்சை இழுத்து மோந்து பார்ப்பான். எங்க அம்மா தலையில இந்த வாசனைதான்பான். விழுந்து விழுந்து சிரிப்போம். ஸ்பெயின்ல பொம்பளைங்க எஞ்சின் எண்ணெயா தேய்ச்சுக்கறாங்கன்னு கேலி பண்ணுவோம்.”

நான் சர்க்கரைக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“இன்னொண்ணு கேக்கணும். அறுபது வருஷமா மண்டையைக் குடையுது. எல்லாரும் விமானத்துல ஏதாவது படம் வரைஞ்சுக்குவோம். நான் எங்க பண்ணைக் கோழியை வரைஞ்சேன். பீல் மண்டை ஓடு. ஏர்ல் என்ன வரைஞ்சான் தெரியுமா?”

தட்டிலிருந்த பிஸ்கோத்துகளில் மூன்றை எடுத்தார். நடுங்கும் கையால் மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக மேசை விரிப்பின்மேல் வைத்தார்.

“இதை. மூணு புள்ளி. குண்டு பாய்ஞ்ச ஓட்டையான்னா இல்லம்பான். சூதாட்டக் காயான்னா இல்லம்பான். உங்களுக்குத் தெரியுமா?”

அந்த நேரம் பார்த்துச் சகாயமேரி பால் கொண்டுவந்தாள். மேசையைப் பார்த்தாள்.

“ஐயே! தொர அக்கன்னா போட்டுக்கீறாரே!” என்று சிரித்தாள். “யாரு கத்துக்கொடுத்தா, நீங்களா?”

“என்ன சொல்றாங்க?” என்று கேட்டார் வால்ட்டர்.

“சாப்பிடும் பொருளை வைத்து விளையாடக்கூடாது என்கிறாள்.”

உடனே மூன்றையும் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். நன்கு வளர்க்கப்பட்ட மனிதர். பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

“ஆத்துல குளிக்கறப்போகூடக் காலுறையைக் கழட்டமாட்டான். எங்கள்ல ஒருத்தனும் அவன் காலைப் பார்த்ததில்ல. நீங்க...”

“பார்த்திருக்கிறேன்” என்றேன். “இடது கால். சுண்டுவிரலுக்கு வெளிப்பக்கம் இன்னொன்று.”

அவர் தேநீரைக் குடித்தார். அது ஆறிப் போயிருந்தது.

நவம்பர் 2, புதன். கல்லறைத் திருநாள்

கல்லறைத் தோட்டத்தில் திருவிழாக் கூட்டம். மெழுகுவர்த்தி, சாமந்தி மாலை, பூந்தொட்டிக்கு இடம் பிடிப்பதில் சண்டை. இறந்தவர்களைப் பார்க்க வந்தவர்கள் உயிரோடிருப்பவர்களை முழங்கையால் இடித்துக்கொண்டிருந்தார்கள். வால்ட்டரும் வந்தார். வேண்டாமென்றேன், கேட்கவில்லை.

எங்கள் குடும்பக் கல்லைச் சகாயமேரி தேய்த்துக் கழுவினாள். அப்பா 1926. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். அம்மா 1931. கீழே இரண்டு பெயர்களுக்கு இடம் விட்டிருக்கிறது.

“ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணு?” என்று சகாயமேரி கேட்டாள்.

“தம்பிக்கு.”

“அமெரிக்கா போனாரே, அவருக்கா? அவரு அங்கயே குந்திக்கினாரு. எடத்தை எதுக்கு வீணாக்கணும்? தோட்டத்துல எடமே இல்லன்னு பாதர் கத்தினுகீறாரு.”

1919இல் ஊர் திரும்பியபோது, தம்பி எங்கே என்று அம்மா கேட்டாள். அமெரிக்கர்களோடு போய்விட்டான் என்றேன். அம்மா அதை அமெரிக்காவுக்குப் போய்விட்டான் என்று கேட்டுக்கொண்டாள். பிழை திருத்துவதையே பின்னாளில் தொழிலாகக் கொண்டவள் நான். அந்த ஒரு பிழையைத் திருத்தவில்லை. கப்பல் வரும் நாளெல்லாம் அம்மா தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மேற்படிப்பு என்று சொல்லிக்கொண்டு நான் மறுபடியும் பாரிஸுக்குப் போனேன்.

வால்ட்டர் ஒரு சிறுமியிடம் ரோஜா வாங்கி வந்து அம்மாவின் பெயருக்கு நேராக வைத்தார். குனிந்தவரால் நிமிர முடியவில்லை. நானும் சகாயமேரியும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம்.

“உங்க அம்மாவைப் பார்க்கக் கொடுத்து வைக்கல” என்றார்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அந்த ரோஜா என் முடிவைச் சுலபமாக்கியது. நாளை வால்ட்டரிடம் சொல்லிவிடுகிறேன். அவரிடம் சொன்னபின் பாக்கியத்திடமும் சொல்லிவிடலாம். குடியரசு என்ன செய்துவிடும்? எலும்பைக் கைது செய்யுமா?

நவம்பர் 3, வியாழன்

சொல்லவில்லை.

நவம்பர் 4, வெள்ளி

நேற்று நடந்ததை வரிசைப்படி எழுத முயல்கிறேன்.

வால்ட்டர் நான்கு மணிக்கு விடைபெற வந்தார். கையில் ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். கடைத்தெருவில் வாங்கியிருக்கிறார், நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள், பாதி காய். அந்தப் பையைப் பார்த்ததும் பேச்சைத் தொடங்கியிருக்கவேண்டிய நான் உட்கார்ந்துவிட்டேன்.

1918 டிசம்பரில், யுத்தம் முடிந்து ஊருக்குக் கப்பலேறுவதற்கு முன், அவர் மருத்துவமனைக்கு ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அந்தக் குளிர்காலத்தில் பாரிஸில் ஆரஞ்சு கிடைப்பது தங்கம் கிடைப்பதுபோல. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். மண்ணைப் பற்றிப் பேசினார். எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை அவருடைய ரயில் புறப்படும் நிலையத்துக்கு நான் போயிருந்தேன். அதற்கு வேறு காரணம் இருந்தது. என்ன காரணம் என்பது இப்போது நினைவில்லை.

“அன்னிக்கு நான் வந்தது பழம் கொடுக்க இல்ல, பிலோமீன்” என்றார். அறுபது ஆண்டுகளில் முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். “உங்களைக் கேக்கத்தான் வந்தேன். என்கூட வர்றீங்களான்னு. மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன். கதவைத் திறந்தீங்க. கையில கறுப்பு நாடா கட்டியிருந்தீங்க. அவனுக்காக.”

பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

“செத்துப்போன சிநேகிதன் கட்டிக்க இருந்த பொண்ணுகிட்ட எப்படிக் கேக்கறது? அவன் மேகத்துக்குள்ள விழுந்து மறையறதைப் பார்த்தவன் நான். அவன் எடத்துல போய் உக்கார முடியுமா? அதான் சோளம் போடற மண்ணைப் பத்திப் பேசிட்டுப் போயிட்டேன்.”

சகாயமேரி தட்டு எடுக்க வந்தவள் எடுக்காமல் நின்றாள். அவளுக்குப் பிரெஞ்சு அரைகுறையாகப் புரியும். இந்த ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான்.

“அப்புறம் கல்யாணம் பண்ணிக்கிட்டேன். நல்லவ. இந்தக் கதையை அவகிட்டச் சொல்லியிருக்கேன். நீ செஞ்சது சரின்னா. என் வாழ்க்கையில நான் ஒழுங்கா செஞ்சது அது ஒண்ணுதான், பிலோமீன். நெலத்தை வித்தேன். பையன்கூடப் பேசறதில்ல. ஆனா அந்த ஒரு விஷயத்துல நான் மனுஷனா நடந்துக்கிட்டேன். அதைச் சொல்லணும்னுதான் வந்தேன். காலு, விரலு எல்லாம் ஒரு சாக்கு.”

சகாயமேரி தமிழில் குறுக்கே வந்தாள்.

“சொல்லிடுங்கம்மா.”

“எதை?”

“ஐய, எனக்கா தெரியாது? உங்க காலுறைய தொவைக்கிறவ நானு. செத்தவர அவன் இவன்னு வாய் நெறைய சொல்றீங்க. இந்தத் தொரைய மட்டும் அவரு, வந்தாரு, போனாருங்கறீங்க. நிச்சியம் பண்ண மாப்ளைய எந்தப் பொம்பள அவன்னு சொல்லுவா? அதுவும் உங்க காலத்துல?”

“உனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது.”

“கெடக்கட்டும் அடுப்பு. எவ்ளோ தூரம் வந்துக்கீறாரு மனுஷன். சொல்லித் தொலைங்களேன்.”

“சொன்னால் அவருக்கு என்ன மிஞ்சும், சகாயம்?”

அவள் வாயைத் திறந்தாள். பிறகு வால்ட்டரைப் பார்த்தாள். கைத்தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, நாங்கள் ஏதோ அவருக்காகப் பிரார்த்திப்பதுபோல மரியாதையாகக் காத்திருந்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“என்ன சொல்றாங்க?” என்றார்.

“பழம் புளிக்கும், நறுக்கிச் சர்க்கரை போடட்டுமா என்கிறாள்.”

அவர் சிரித்தார். எழுந்தார். வாசலில் கேட்டார்: “ஒண்ணே ஒண்ணு. அவன்மேல ரொம்பப் பிரியமா இருந்தீங்களா?”

“ஆம்” என்றேன். “உலகத்தில் எவர்மீதும் அவ்வளவு பிரியம் வைத்ததில்லை.”

தலையசைத்தார். தாம் எழுதிய விடை சரியா என்று பார்த்துக்கொண்ட மாணவனின் முகம். கார் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். மழை தூறியது, உள்ளே வந்துவிட்டேன்.

இன்று காலை பாக்கியம் வந்தார். சொன்னேன்: இடது கால், ஆறு விரல், ஏர்ல் லாண்டன்தான். எழுதிக்கொண்டார். பேனாவைத் திருகினார்.

“எப்படித் தெரியும்னு ஒரு வரி போடணும், மத்மசேல். தப்பா நெனைக்காதீங்க.”

“நிச்சயிக்கப்பட்டவள் என்று போடுங்கள்.”

“அது... ஊர்ல தெரிஞ்சா...”

“தெரியட்டும். எண்பது வயதில் ஒருத்திக்குக் கெட்ட பெயர் கிடைப்பது அத்தனை எளிதல்ல.”

நவம்பர் 5, சனி

ஆரஞ்சுப் பழம் உண்மையிலேயே புளிப்பு. அத்தனையும் தின்றேன்.

நவம்பர் 8, செவ்வாய்

பூசையில் இரண்டு பெண்கள் என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். ஒருத்தி என் மாணவி. அவள் எழுதிய கட்டுரைகளில் இத்தனை உற்சாகம் இருந்ததில்லை. சப்பாத்து மறுபடியும் வந்தது. இம்முறை சரியாக இருக்கிறது.

நவம்பர் 11, வெள்ளி

கடற்கரை நினைவுச்சின்னத்தில் ஆண்டுதோறும் நடக்கும் சடங்கு. பதக்கம் குத்திய கிழவர்கள், மலர்வளையம், தாளம் தப்பிய எக்காளம். வெயிலில் நின்றேன். இதே நாளில் பிரான்சில் அவனை அமெரிக்கர்களோடு வைக்கிறார்கள். பாக்கியம் அருகில் வந்து, எல்லாம் முடிஞ்சிருக்கும் மத்மசேல், என்று மெல்லச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தால், அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் சகாயமேரி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாள். மாடத்தில், ஒரு தட்டில், மூன்று பிஸ்கோத்து. மேலே ஒன்று, கீழே இரண்டு. கதவைச் சாத்திக்கொண்டு காலுறைகளைக் கழற்றிவிட்டு இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் எழுதமாட்டேன் என்று முதல் பக்கத்தில் சொன்னேன். மீதி இதுதான்.

1916இல் ஒரு பையன் சைகோன் கப்பலில் பாத்திரம் கழுவிக்கொண்டு மார்செய் வந்து, பாரிஸில் என் கதவைத் தட்டினான். கடலூரில் ஐரிஷ் பாதிரியார்களிடம் இங்கிலீஷ் படித்தவன். விமானம் ஓட்டவேண்டும் என்று பட்டாளத்துக்கு ஆளெடுக்கும் மேசைக்குப் போனான். மேசைக்குப் பின்னால் இருந்தவர் அவன் காகிதங்களைப் பார்த்துவிட்டு, புதுச்சேரிச் சுதேசிக்கு ஆகாயத்தில் என்ன வேலை, துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போ என்றார். பிரான்சின் கொடிக்குக் கீழே பிறந்தவனுக்குப் பிரான்சுக்காகப் பறக்க வழியில்லை, அன்னியனுக்கு இருந்தது. மறுவாரம் அன்னியர் படைக்குப் போய், நான் அமெரிக்கன் என்றான். எவரும் காகிதம் கேட்கவில்லை. அருளானந்து என்ற பெயரை நாக்கைக் கொஞ்சம் மடக்கிச் சொன்னான். எழுதியவர் ஏர்ல் லாண்டன் என்று எழுதிக்கொண்டார்.

தெரிந்தால் சிறை, எவரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். மருத்துவமனை வாசலில் உறவைக் கேட்டபோது உண்மையைச் சொல்ல முடியவில்லை. அமெரிக்கனுக்கு எப்படித் தமிழச்சி உறவாவாள்? கன்னி வைத்த விதியில் மிச்சமிருந்தது ஒரே உறவு. அதைச் சொல்லிவிட்டு, அறை வாங்கிக்கொண்டு, சிரித்தான். விமானத்தில் ஏன் ஆய்தத்தை எழுதினாய் என்று கேட்டேன். உயிரிலும் சேராது, மெய்யிலும் சேராது, ஆனா எழுத்துதானே அக்கா, என்றான்.

நான் கட்டிய கறுப்பு நாடாவை வால்ட்டர் பார்த்தார்; பார்த்ததைச் சரியாகவே மதித்தார். துக்கம் உண்மை. உறவு மட்டும் வேறு. ஒரு சொல்லை நான் சொல்லியிருந்தால் அவர் மண்ணைப் பற்றிப் பேசியிருக்கமாட்டார். அவர் கேட்க வந்தது தெரிந்திருந்தால் சத்தியத்தை மீறியிருப்பேன். ரயில் நிலையத்துக்கு நான் போனது அவர் கேட்டுவிட்டுப் போவாரா என்று பார்க்கத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை. வால்ட்டர் இப்போது கடலைத் தாண்டியிருப்பார். தம் வாழ்வின் ஒரே ஒழுங்கான செயல் தேவையில்லாத ஒன்று என்பதை அறியாமல் இறப்பார். அதை நான் பார்த்துக்கொண்டேன்.

அருளானந்து என் தம்பி. எனக்கு ஒன்றரை வயது இளையவன். எங்கள் அம்மாவுக்கும் இடது காலில் ஆறு விரல்.